அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு உள்ளது

2008 பிப்ரவரி 18, திங்கட்கிழமை, பராகுவாயின் தென்கோடியில் உள்ள என்கர்னசியோன் நகரில், லாரி எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு சிறு நிறுவனத்தில் நிமியா கலேயானோ வேலைக்குச் சேர்ந்தாள். அதுவரை அங்கே நிரல் எழுதியவன் ஒருவன்தான்.

அந்த ஒருவன் எலிஹியோ பாரெய்ரோ. சுற்றுவட்டாரச் சோயா கிடங்குகளில், லாரி மேடை ஏறியதும் எடையைப் படித்து, ஈரத்துக்குக் கழித்து, சீட்டு அச்சடித்துத் தரும் நிரல்கள் எல்லாம் அவன் எழுதியவை. பார்வைக்கு அவை வேறு வேறு. ஆனால் சிக்கலான வேலைகளை, முக்கியமாக எடைமேடையோடு பேசும் வேலையை, அவன் லைப்ரரி எனப்படும் ஒரே ஒரு பொதுக் கோப்பில் எழுதி வைத்திருந்தான். எந்த நிரலுக்கும் தானாக எடை படிக்கத் தெரியாது. லைப்ரரியைக் கூப்பிட்டுத்தான் கேட்டுக்கொள்ளும். நிரல்களை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். லைப்ரரியின் மூல நிரலை மட்டும் அவன் கடவுச்சொல் போட்டுத் தன் கணினியில் பூட்டி வைத்திருந்தான். முதலாளியம்மா பெர்லா, மரியாதையாக எல்லோருக்கும் ஞா பெர்லா, கேட்டபோதெல்லாம் ஒரே பதில்.

"எல்லாம் என் தலையில இருக்கு, ஞா பெர்லா. நீங்க ஏன் கவலைப்படுறீங்க?"

நிமியா வருவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஞா பெர்லா அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அறுவடை முடியறதுக்குள்ள அவளுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துடு."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையும்தான். நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருகிட்டப் போய் நிக்கிறது?"

"எனக்கு என்ன ஆகப்போவுது?"

ஞா பெர்லா மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து மூடி போட்டார். இரண்டு நிரலாளர்களுக்குச் சம்பளம் தாங்குகிற நிறுவனம் இல்லை அது. அவள் அந்த லைப்ரரியைக் கற்றுக்கொள்ளும் நாள்தான் தன் கடைசி நாள் என்று எலிஹியோவுக்குப் புரிந்தது. நாற்பத்தேழு வயதில், இந்த ஊரில், இதே வேலையைத் தருவதற்கு வேறு யாரும் இல்லை.

நிமியா பத்து வருடம் பேருந்து நிலையத்தில் டிக்கெட் விற்றவள். மாலை வகுப்பில் நிரலெழுதப் படித்திருந்தாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவளுக்குக் கூச்சமே இல்லை. அதுதான் எலிஹியோவுக்கு முதலில் எரிச்சலூட்டியது. அவள் அவனை ஐயா என்பதுபோல டோன் சேர்த்துத்தான் கூப்பிட்டாள்.

"டோன் எலிஹியோ, இந்த லைப்ரரியை டபுள் க்ளிக் பண்ணா ஏன் ஓட மாட்டேங்குது?"

"கார் எஞ்சினைக் கழட்டி ரோட்டுல வச்சு, அது மேல ஏறி உக்காந்து ஓட்டிப் பாருங்க அம்மணி."

"அப்ப தனியா ஓடாது. சரி. எந்த ப்ரோக்ராம் கூப்பிட்டாலும் வருமா?"

"கூப்பிடத் தெரிஞ்சவங்க கூப்பிட்டா வரும்."

"எப்படிக் கூப்பிடணும்?"

"மரியாதையா."

அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அடுத்ததைக் கேட்டாள்.

"இதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"வீட்டுச் சாவியை வாசல்லயே தொங்க விடுவாங்களா யாராவது?"

"இதை மாத்தினா, இதை நம்பி ஓடுற பழைய ப்ரோக்ராம் எல்லாம் என்ன ஆகும்?"

"இது மூணாங்கிளாஸ் பிள்ளை கேக்குற கேள்வி."

"மூணாங்கிளாஸ் பிள்ளை கேட்டா பதில் சொல்லுவீங்கதானே? நான் அந்தப் பிள்ளைன்னு வச்சுக்குங்க."

எலிஹியோ எழுந்து கழிப்பறைக்குப் போய்விட்டான். திரும்பி வந்தபோது அவள் இணையத்தில் நிரலாளர்கள் கூடும் ஒரு மன்றத்தில் அதே கேள்வியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க போய்க் கேளுங்க, நல்லாக் குதறி எடுப்பானுங்க" என்றான்.

"எடுக்கிறாங்கதான். ஆனா அவங்க பதிலைச் சொல்லிட்டுக் குதறுறாங்க."

அந்த பிப்ரவரியில் வெயில் கொளுத்தியது. காலை பத்து மணிக்கு, ஒரே குவளையைச் சுற்றிவிட்டுக் குடிக்கும் மூலிகைப் பானமான தெரெரேயை ஊற்றுவது எலிஹியோவின் உரிமை. குளிர்ந்த நீரைக் கொம்புக் குவளையில் ஊற்றி ஞா பெர்லாவிடம் நீட்டுவான். குவளை திரும்பி வந்ததும் தனக்கு ஊற்றிக்கொள்வான். மறுபடி ஞா பெர்லாவுக்கு. முதல் நாள் நிமியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். குவளை அவள் முகத்துக்கு முன்னால் போயிற்று, வந்தது. அவளிடம் நிற்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவள் சொந்தத் தெர்மாஸும் குவளையும் கொண்டுவந்து, இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து தனியாக உறிஞ்சினாள். அந்தச் சிறிய அறையில் அதன்பின் இரண்டு தெரெரே நடந்தன.

நிமியா எழுதிய முதல் நிரல் சிறியது. வந்து இறங்கிய சோயாவின் ஈரத்தை நாள்வாரியாகத் தொகுத்துக் காட்டும். வடக்கே ஜெர்மானியக் குடியேற்றங்களில் உள்ள ஒரு கூட்டுறவுக் கிடங்கு அதைக் கேட்டிருந்தது. அவள் நேரில் போய் நிறுவ வேண்டும். அதுவும் லைப்ரரியைக் கூப்பிடுகிற நிரல் என்பதால், எலிஹியோ புதிய லைப்ரரிக் கோப்பை அவளிடம் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தக் கிடங்கை அவனுக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்த எடைமேடைதான் மாவட்டத்திலேயே பழையது. அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. அங்குள்ள கணினியில், எல்லா நிரலும் பொதுவாகப் பார்க்கும் சிஸ்டம் ஃபோல்டரில் இருந்தது, பல வருடங்களுக்கு முன் அந்த மேடைக்காகவே அவன் எழுதிய லைப்ரரி. அதற்குப் பிறகு புதிய மேடைகளுக்காக லைப்ரரியை எத்தனையோ தடவை மாற்றிவிட்டான். பெயரை மட்டும் மாற்றவில்லை. பழையதன் மேல் புதியது விழுந்தால், அங்குள்ள எடை நிரல் அந்த நொடியே நின்றுவிடும்.

புறப்படுவதற்கு முந்தைய மாலை நிமியா கேட்டாள்.

"லைப்ரரியை எங்க வைக்கணும்? என் ப்ரோக்ராம் இருக்கிற ஃபோல்டர்லயா, சிஸ்டம் ஃபோல்டர்லயா?"

நிரல் முதலில் தான் இருக்கும் ஃபோல்டரில்தான் லைப்ரரியைத் தேடும். அங்கேயே வைத்தால் யாருக்கும் பாதகமில்லை. அவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

"சிஸ்டம் ஃபோல்டர்ல வைங்க" என்றான். அவள் வந்ததிலிருந்து அவன் இவ்வளவு பதமாகப் பேசியதே இல்லை. "அப்பத்தான் எல்லாத்துக்கும் பொதுவா இருக்கும்."

அவள் அதைத் தாளில் குறித்துக்கொண்டாள்.

"நிச்சயமா?"

"எழுதினவன் நானா, நீங்களா?"

அன்றிரவு அவன் நன்றாகத் தூங்கினான். கணக்கு எளிது. அவள் கெடுப்பாள். லாரிகள் நிற்கும். பழைய லைப்ரரி இருக்கும் பென் டிரைவைச் சொருகி அவன் ஐந்து நிமிடத்தில் சரிசெய்வான். ஞா பெர்லா பக்கத்தில் நின்று பார்ப்பார். அதன்பின் சொல்லிக்கொடு என்ற பேச்சே எழாது.

மறுநாள் காலை, அவன் எதிர்பார்த்த நேரத்திலேயே தொலைபேசி வந்தது.

"டோன் எலிஹியோ, அதே பேர்ல ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கு, அதுக்குப் பதிலா இதைப் போடவான்னு கேக்குது."

"போடு."

"பழசை வேற எங்கயாவது எடுத்து வச்சுக்கட்டுமா?"

"நிமியா, லாரி நிக்குற நேரம். போடுன்னா போடு."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் ஒலி கேட்டது. அவன் தெர்மாஸில் பனிக்கட்டி போட்டான். தெரெரே பாதி முடிவதற்குள் ஞா பெர்லா அறையிலிருந்து வெளியே வந்தார். கையில் கார்ச்சாவி.

"கிடங்குல எடை நின்னு போச்சாம். மேனேஜர் ரைன்ஹோல்ட் கத்துறான். கிளம்பு."

எலிஹியோ முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். டிக்கெட் விற்றவளை மேடைப் பக்கம் விட்டால் இப்படித்தான், தான் முதலிலேயே நினைத்ததாகவும், பெண்ணாயிற்றே என்று சொல்லாமல் விட்டதாகவும் சொன்னான். ஞா பெர்லா சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கிடங்கு வாசலில் இருந்து நெடுஞ்சாலை வரை லாரிகள் நின்றிருந்தன. ஓட்டுநர்கள் வண்டி நிழலில் குந்தியிருந்தார்கள். அவனைக் கண்டதும் ஒருவன் குரல் கொடுத்தான்.

"வந்துட்டாருடா டாக்டரு! பொணம் ஆறுறதுக்குள்ள ஊசியைப் போடுங்க சாமி!"

"அஞ்சே நிமிஷம்" என்று உரக்கச் சொல்லிவிட்டு எலிஹியோ உள்ளே போனான். அங்கே நிமியா கணினி முன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிடங்கு மேலாளர் ரைன்ஹோல்ட், தடித்த மனிதர், தொப்பியைக் கழற்றி மேசையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு சிஸ்டம் ஃபோல்டர்ல கை வச்சே?" என்று எலிஹியோ எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டான்.

"உங்களைக் கேட்டு" என்றாள் நிமியா.

"நான் எப்பச் சொன்னேன்?"

"ஏய்" என்றார் ரைன்ஹோல்ட். "ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். போடுன்னா போடுன்னு சொன்னது உன் குரல் இல்லயா?"

ஞா பெர்லா நிமியா பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியாதா இப்படி ஆகும்னு?"

"ப்ரோக்ராம் பக்கத்துலயே வைன்னுதான் மன்றத்துல சொன்னாங்க."

"அப்புறம் ஏன் வச்சே?"

"அவரு பேச்சைக் கேளுன்னு சொன்னது நீங்கதானே, ஞா பெர்லா. ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் சொன்னாரு."

"பாத்தீங்களா, வேணும்னே செஞ்சிருக்கா!" என்று எலிஹியோ கத்தினான். "தெரிஞ்சே செஞ்சிருக்கா!"

"நீங்க தெரியாமச் சொன்னீங்களா?" என்றாள் அவள்.

"யாரு வேணும்னே செஞ்சது, யாரு தெரியாமச் செஞ்சதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் ஞா பெர்லா. "பழசைப் போடு, எலிஹியோ."

அவன் நிமியாவை எழுப்பிவிட்டு உட்கார்ந்து பென் டிரைவைச் சொருகினான். ஃபோல்டரைத் திறந்தான். லைப்ரரி இருந்தது. அதன் தேதியைப் பார்த்தான். போன டிசம்பர்.

ஒவ்வொரு வருடக் கடைசியிலும் அவன் லைப்ரரியை அந்தப் பென் டிரைவில் நகலெடுப்பான். பெயர் ஒன்றுதான் என்பதால், பழையதன் மேல் போடவா என்று ஒவ்வொரு முறையும் கணினி கேட்கும். ஒவ்வொரு முறையும் அவன் ஆம் என்று தட்டியிருக்கிறான். மூலத்திலும் அந்தப் பழைய மேடைக்கான பகுதி இல்லை. புதிய மேடைகள் வந்தபோது இனி தேவையில்லை என்று அவனே அழித்துவிட்டான். உலகத்தில் அந்த லைப்ரரி இருந்த ஒரே இடம் இந்தக் கணினியின் சிஸ்டம் ஃபோல்டர்.

"என்ன?" என்றார் ரைன்ஹோல்ட்.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் திருத்தணும்."

"என்ன திருத்தணும்? அஞ்சு நிமிஷம்னு வாசல்ல சொன்னே."

காரிலிருந்து தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து எழுத ஆரம்பித்தான். எடைமேடை அனுப்பும் எண்கள் திரையில் குப்பையாக ஓடின. எந்த எண் எடை, எது மேடை இன்னும் ஆடுகிறது என்பதற்கான அடையாளம் என்று கண்டுபிடிக்க, முதன்முதலில் எழுதியபோது அவனுக்குப் பல வாரம் ஆனது. என்ன கண்டுபிடித்தான் என்பது இப்போது நினைவில் இல்லை. மதியத்துக்குமேல் ஒரு வழியாக எடை வந்தது. காலி மேடைக்குச் சரியாகவே காட்டியது. லாரி ஏறியதும், ஒரே லாரிக்கு மூன்று முறை மூன்று எடை காட்டியது.

"இந்த நம்பரை வச்சு நான் ஒரு பண்ணைக்காரனுக்கும் சீட்டு குடுக்க மாட்டேன்" என்றார் ரைன்ஹோல்ட். "அடிச்சுக் கொன்னுடுவான்."

வெளியே ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக வண்டியைக் கிளப்பி, பக்கத்துக் கம்பெனியின் கிடங்குக்குத் திருப்பத் தொடங்கினார்கள். ரைன்ஹோல்ட் ஓர் ஆளை மேடையின் முகப்புக்கு அனுப்பினார். அங்கே ஒளிரும் எண்ணை அவன் உரக்கப் படிக்க, இன்னொருவன் சீட்டில் கையால் எழுதினான்.

எலிஹியோ இன்னும் தட்டிக்கொண்டிருந்தான். ஞா பெர்லா அவன் பின்னால் வந்து நின்றார்.

"எழுந்திரு. லைப்ரரி கடவுச்சொல்லை அவகிட்டக் குடு."

"ஞா பெர்லா, அது நான் எழுதினது. இன்னும் ரெண்டு நாள் குடுங்க, யோசிச்சுப் பாத்து..."

"உன் தலையில இருக்குன்னு இத்தனை வருஷமா சொன்னே. இன்னிக்குத்தான் உள்ள பாத்தேன். குடு."

நிமியா பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் எழுத்து எழுத்தாகச் சொன்னான். ஒரு எழுத்து பெரியதா சிறியதா என்று அவள் கேட்டாள். அதற்கு அவன் சிறியது என்று பதில் சொன்னான்.

மார்ச் 31 அன்று எலிஹியோ பாரெய்ரோ வேலையிலிருந்து நீக்கப்பட்டான். கூட்டுறவுக் கிடங்கு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அந்த ஆண்டு அறுவடை முடியும்வரை அங்கே எடைச்சீட்டுகள் கையால் எழுதப்பட்டன.