நடக்கிறவர்களுக்குத் தெண்டம்

மழை ஓய்ந்த மாதங்களில் கின்ஷாசாவில் எப்போது விடிந்தது என்றே தெரியாது. ஆற்றிலிருந்து ஏறிவரும் பனி முதலில் படகுத்துறையை மூடும், பிறகு சந்தையை, பிறகு சந்து சந்தாக நுழைந்து பொலும்புவின் ஜன்னல் வரைக்கும் வந்துவிடும். வாதம் அடித்துப் படுத்ததிலிருந்து அந்தப் பனிக்கும் அவளுக்கும் நல்ல சிநேகம். கண்ணைப் பாதி மூடினால் போதும், கட்டில் மிதக்க ஆரம்பிக்கும். ஆற்றில் ஆகாயத்தாமரைத் திட்டுகள் கொக்குகளை ஏற்றிக்கொண்டு போகுமே, அந்த மாதிரி தலையணை, போர்வை, தைல பாட்டில் எல்லாவற்றோடும் மெல்ல நகரும். வலது காலும் வலது கையும் அவளுக்கு முன்னாலேயே மிதந்து எங்கோ போய்விட்டன. அவற்றைத் தேடிப் பிடிக்கும் அவசரம் அவளுக்கு இல்லை.

இன்றைக்கு மட்டும் கட்டில் மிதக்க மறுத்தது. இன்றைக்கு விழா.

துறையில் மூன்று சக்கர வண்டி வைத்து வியாபாரம் செய்கிறவர்களின் சங்கம் அவளுக்கு விழா எடுக்கிறது. கால் வராதவர்கள் எல்லோரும். கையால் சுற்றும் வண்டியில் துணியும் சோப்பும் பால் பவுடரும் மலையாக ஏற்றி, படகில் அக்கரை பிராஸாவில்லுக்குப் போய் விற்றுவிட்டு வருகிறவர்கள். விழாவுக்கென்று சக்கரம் அச்சடித்த துணி எடுத்து எல்லோரும் ஒரே மாதிரி தைத்திருக்கிறார்களாம். படகுத்துறைச் சரிவிலேயே பந்தல் போட்டிருக்கிறார்களாம். மகள் ஃபிதெலி இதையெல்லாம் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொலும்பு ஒரே ஒரு பதில்தான் சொன்னாள்.

"போ... கல."

ஏன் என்று கேட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். ஏன் என்று சொல்ல வேறு வேண்டுமா? அந்தத் துறை முழுவதும் கேட்ட வாய் அது. இப்போது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, கஞ்சி குடித்தால் பாதி வழிகிறது. அதைக் கொண்டுபோய்ப் பந்தலில் காட்டவா?

ஒரு காலத்தில் அவள் அந்தச் சரிவில் மரவள்ளி உருண்டையை இலையில் கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். வண்டிக்காரர்களைச் சுமைகூலிகள் முதுகில் தூக்கிப் போய்ப் படகுத் தளத்தில் எறிவார்கள், வண்டி வேறு எங்கோ போய் விழும். ஒருநாள் மலூ என்ற பெண்ணைக் கருவாட்டு மூட்டைகளின் மேல் எறிந்தார்கள். பொலும்பு கூடையை அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் படகின் பலகை மேல் நின்றுகொண்டாள். "அவ மூட்டையா, ஆளா? மூட்டைன்னா சீட்டு ஒட்டு. ஆளுன்னா சக்கரத்தோட ஏத்து. அதுவரைக்கும் இந்தப் பலகைய எவன் எடுக்கிறான்னு பாக்கறேன்!" படகு அன்று மத்தியானம் வரைக்கும் கிளம்பவில்லை. மூட்டைகளும் ஆட்களும் வெயிலில் காய்ந்தார்கள். கடைசியில் இரண்டு அகலப் பலகை போட்டு மலூ உருண்டுதான் ஏறினாள்.

அதற்குப் பிறகு மரவள்ளி வியாபாரம் போயே போய்விட்டது. எந்தக் காவலன் வண்டியைக் கவிழ்த்தாலும், எந்த அதிகாரி அவர்களுடைய பாதிக் கட்டணச் சலுகைச் சீட்டைக் கிழித்தாலும் பொலும்புவைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற நேரங்களில் வண்டி தள்ளினாள். சரிவில் இறங்கும்போது "வழி! வழி!" என்று அவள் போடும் கூச்சலில் ஜனங்கள் தானாக ஒதுங்குவார்கள்.

சலுகை என்றால் கள்ளனும் வருவான். கொழுத்த வியாபாரி ஒருவன் காலைப் போர்வையால் மூடிக்கொண்டு, வாடகை வண்டியில் உட்கார்ந்து அழுகுரலில் வரிசைக்குள் நுழைந்தான். பொலும்பு அவன் பின்னால் போய் நின்று, "பாம்பு!" என்று கத்தினாள். போர்வை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம், அவன் ஓடிய ஓட்டத்தைப் பற்றித் துறையில் இன்றைக்கும் பேசுகிறார்கள். அன்று அவள் போட்ட சட்டம்தான் சங்கத்தின் முதல் சட்டம். நடக்கிறவர்கள் வண்டியில் உட்காரக் கூடாது, விளையாட்டுக்குக்கூட. உட்கார்ந்தால் சங்கத்துக்கு ஒரு பெட்டி பீர் தெண்டம். களைத்துப்போன தள்ளுக்காரர்கள், போதையில் சாய்ந்தவர்கள், ஒருமுறை ஒரு பாதிரியார், எல்லோரிடமும் தெண்டம் வசூலித்தவள் அவள்தான்.

சங்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு, அதை யாரும் சட்டமாகப் போடவில்லை. வண்டியில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்யாமல் வாய் திறக்க மாட்டார்கள். தலைவர் லோக்வாவின் கால்களுக்கு 'மக்ரோனி' என்று பெயர். மலூவுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுத்தால் பேரன் காலம் வரைக்கும் தேயாது என்பார் லோக்வா. ஆனால் நடக்கிறவர்களிடம் அப்படியொரு மரியாதை. வாங்க, போங்க, உக்காருங்க. தங்களுக்குள் சேர்க்காத ஆளை நிறுத்திவைக்கும் இடம் அது. பொலும்புவுக்கு அத்தனை வருஷமும் அந்த மரியாதைதான் கிடைத்தது. அது அவள் மனதில் சின்னதாக உறுத்திக்கொண்டே இருந்தது, அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஜன்னலுக்கு வெளியே மணல் மேல் சக்கரங்கள் ஊரும் சத்தம் கேட்டது. தூக்கத்தில் கேட்கும் தூறல் என்று நினைத்தாள். தூறல் வாசலுக்கு வந்து நின்று இருமியது.

"அம்மா," ஃபிதெலி எட்டிப் பார்த்தாள். "எல்லாரும் வந்துட்டாங்க. சந்து முழுக்க வண்டி. நீ வர்றியோ இல்லியோ, உன்னப் பாத்துட்டுத்தான் போவாங்களாம். நான் என்ன சொல்ல?"

பொலும்பு பதில் சொல்வதற்குள் லோக்வாவின் குரல் உள்ளே வந்தது. "அக்கா, வணக்கங்க்கா. சௌக்கியமா இருக்கீங்களாக்கா?"

வார்த்தைக்கு வார்த்தை 'ங்க'. பொலும்புவுக்கு எரிச்சலாக வந்தது. முன்பே மரியாதைக்குக் குறைவில்லை, இப்போது நோயாளி என்றதும் அது இரண்டு மடங்கு. எரிச்சல் நல்ல மருந்து, படுக்கையில் இருந்தவளை எழுப்பி உட்கார வைத்தது. மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, இடது காலை ஊன்றி, வலது காலை இழுத்து, வாசல்படி வரைக்கும் வந்துவிட்டாள்.

பனிக்குள் வண்டிகள் நின்றன. உட்கார்ந்திருந்தவர்களின் தோளுக்குக் கீழே எல்லாம் வெள்ளை, மேலே முகங்களும் புதுத்துணிச் சக்கரங்களும். கனவில் கூட்டம் கூடுவது இப்படித்தான் இருக்கும், எல்லோரையும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். அவர்களுக்கு நடுவில் நான்கு தள்ளுக்காரர்கள் தோளில் எதையோ தாங்கி நின்றார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

பல்லக்கு. பனையோலைத் தோரணம், பட்டு மெத்தை, குஞ்சம். கிராமத்துத் தலைவர்களைத் தூக்கிப் போவார்களே, அது.

"ஆட்டக் குழுகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தோம்," லோக்வா பெருமையோடு சொன்னார். "உங்க கால் மண்ணுல படக்கூடாதுங்க. தலைவர் மாதிரி தூக்கிட்டுப் போறோம்."

பொலும்புவின் முகம் சிவந்தது. வாய் ஒத்துழைக்க மறுத்தது, அவள் விடவில்லை. எச்சில் வழிந்தது, துடைக்கவும் இல்லை.

"நா... மூட்டையா?"

முகவாயால் பல்லக்கைச் சுட்டினாள்.

"தூக்... கக் கூடாதுன்னு... எத்தன நாளு... கத்துனேன். பலக மேல... நின்னேன். என்னையே... தூக்கறீங்களா?"

பல்லக்கு தூக்கியவர்கள் அதை மெதுவாக மண்ணில் இறக்கி வைத்துவிட்டு, வேறு யாரோ கொண்டுவந்தது போல் விலகி நின்றார்கள். லோக்வா தன் மக்ரோனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலூதான் அழுதாள்.

"வேற எப்படி கூட்டிட்டுப் போறதுக்கா? வண்டியில உக்காரச் சொன்னா நீங்க போட்ட சட்டம். நடக்கிறவங்க உக்காரக் கூடாது. உங்கள எப்படி..."

அவ்வளவுதான் விஷயம். நீ இனி நடக்கமாட்டாய் என்று அவளிடம் சொல்ல அத்தனை பேரிலும் ஒருவருக்குத் தைரியம் இல்லை. மருத்துவரும் சொல்லவில்லை, மகளும் சொல்லவில்லை. அவளும் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. படுத்துக்கொண்டு பனியில் மிதந்தால் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தான் மிதந்தாள்.

பொலும்பு பனியைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போனால் கட்டில் காத்திருக்கிறது, போர்வை இன்னும் சூடாக இருக்கும். சாகும் வரைக்கும் மிதக்கலாம். எல்லோரும் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பி வைப்பார்கள்.

"வண்டி," என்றாள்.

"அக்கா?"

"ஒரு வண்டி... கொண்டா."

லோக்வா தொண்டையைச் செருமினார். "சந்து முனையில ஒண்ணு நிக்குது. நீல பெயிண்ட் அடிச்சு, சீட்டெல்லாம் புதுசா போட்டு... கொண்டாந்தேன். காட்டறதுக்குத்தான் பயம்."

"திருட்டுப்பயலே, எங்ககிட்டகூட சொல்லலியே!" என்றாள் மலூ, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

நீல வண்டி பனியைப் பிளந்துகொண்டு வந்தது. ஃபிதெலி இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பொலும்பு இடது கையால் கம்பியைப் பற்றி, உடம்பைத் திருப்பி, தொப்பென்று உட்கார்ந்தாள். வலது கால் மட்டும் வெளியே கிடந்தது. மகள் குனியப் போனாள். பொலும்பு அவளைத் தடுத்துத் தன் இடது கையாலேயே அந்தக் காலை எடுத்து உள்ளே வைத்தாள். எங்கோ மிதந்து போன கால், நல்ல கனமாகத்தான் இருந்தது.

அவள் நிமிர்ந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"தெண்டம்," என்றாள். "எழுதிக்க. ஒரு பெட்டி."

"ஐயோ அக்கா, உங்களுக்குப் போயி..." மலூ பதறினாள். பின்னால் யாரோ, "விழா நாயகிக்குத் தெண்டமா" என்று முணுமுணுத்தார்கள். பொலும்பு அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. லோக்வாவை மட்டும் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வையா, சண்டைக்கு இழுக்கிற பார்வையா என்று அவருக்கே விளங்கியிருக்காது. தன் வண்டியைச் சுற்றிக்கொண்டு நேராக அவள் எதிரில் வந்து நின்றார். இருவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"நடக்கிறவங்களுக்குத்தான் தெண்டம்," என்றார் லோக்வா. "நீ எங்கடி நடக்கற?"

மகள் வாயில் கை வைத்துக்கொண்டாள். பொலும்புவுக்கு நெஞ்சுக்குள் யாரோ பலகையை உருவிவிட்டது போல் இருந்தது. வலித்தது. நன்றாகவே வலித்தது. வலிக்கு அடியில் அத்தனை வருஷ உறுத்தல் ஒன்று கழன்று விழுவதும் தெரிந்தது. அவள் வாயின் இடது பாதி சிரிக்க ஆரம்பித்தது. வலது பாதி வராமல் முரண்டு பிடித்தது.

"பாரேன், சிரிப்புக்கும் தள்ளுக்காரன் வேணும் போல!" லோக்வா விடவில்லை. அவ்வளவுதான், சந்தே வெடித்தது. கோழிகள் பறந்தன. மலூ அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அவர் தோளில் அடித்தாள்.

ஃபிதெலி தள்ள, வண்டிகள் வரிசையாகச் சந்திலிருந்து இறங்கின. பல்லக்கு வாசலிலேயே கிடந்தது, கோழி ஒன்று பட்டு மெத்தையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பொலும்புவுக்குத் தெரிந்த தெருதான். ஆனால் இந்த உயரத்திலிருந்து பார்த்ததில்லை. முகங்கள் எல்லாம் மேலே எங்கோ இருக்க, பைகளும் முழங்கைகளும் குழந்தைகளின் கண்களும் மிதந்து வந்தன. ஒரு நாய் அவள் முகத்துக்கு நேராக மோந்து பார்த்துவிட்டுப் போனது. இவ்வளவு காலம் இவர்களைப் பின்னாலிருந்து தள்ளியதில் பிடரிகளைத்தான் பார்த்திருக்கிறாள். இவர்கள் பார்த்த ஊர் இதுவா? குழிகளை எண்ணிக்கொண்டு, யாருடைய பை எப்போது முகத்தில் இடிக்கும் என்று பார்த்துக்கொண்டு? முன்னமே ஒருநாள் உட்கார்ந்து பார்த்திருக்கலாம் என்று தோன்றியது. சட்டம் போட்டது தான்தான் என்பதும் ஞாபகம் வந்தது.

துறைச் சரிவில் ஒரே நெரிசல். அக்கரைப் படகு அப்போதுதான் ஆட்களைக் கொட்டியிருந்தது. மூட்டை, பெட்டி, ஆடு, அழும் குழந்தை. கீழே பந்தலின் நுனி தெரிந்தது, அதற்கும் கீழே ஆறு, ஆற்றில் கொக்குகளோடு தாமரைத் திட்டுகள். ஃபிதெலி, "கொஞ்சம் ஒதுங்குங்க... ஐயா, கொஞ்சம்..." என்றாள். யார் கேட்கிறார்கள்? ஒரு மூட்டை பொலும்புவின் காதை உரசிக்கொண்டு போனது.

அவள் மூச்சை இழுத்தாள்.

"வயி!"

அப்படித்தான் வந்தது. கோணலாக, எச்சிலோடு. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள், ஒருவன் சிரிக்கவும் செய்தான். அவள் முகம் சுவரைத் தேடியது. அங்கே சுவர் இல்லை.

பின்னாலிருந்து அப்படியே, அதே கோணலில் லோக்வா கத்தினார். "வயி!"

மலூ கத்தினாள். "வயி! வயி!" வரிசை முழுக்கப் பிடித்துக்கொண்டது. வேண்டுமென்றே வாயைக் கோணி, எச்சில் தெறிக்க, சக்கரம் அச்சடித்த துணிகள் குலுங்க, அத்தனை பேரும் அவளைப் போலவே கத்தினார்கள். சிரித்தவன் சிரிப்பை நிறுத்திவிட்டு ஆட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கினான்.

தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று பொலும்புவுக்குப் புரிந்தது. துறை முழுவதும் கேட்கும்படி, கொஞ்சம்கூட மரியாதை இல்லாமல். கண்ணீர் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இறங்கியது. அவள் இடது கையால் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னும் சத்தமாக அடுத்த தடவை கத்தினாள்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஃபிதெலி வண்டியைச் சரிவில் விட்டாள்.