சட்டென்று புரண்ட நத்தை

கடல்மீன் தொட்டி அமைத்துக் கொடுப்பதுதான் அவன் தொழில். நத்தை பொறுக்குவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற இறுமாப்பும் கொஞ்சம் உண்டு. ஓட்டின் அழகுக்கு மயங்கி வாங்குகிறவர்களைக் கண்டால் அவனுக்குச் சிரிப்பு வரும். தட்டில் உப்புத் தண்ணீர் விட்டு நத்தையைக் கவிழ்த்துப் போடுவான். தானாகப் புரண்டு எழுந்தால் எடுப்பான், இல்லாவிட்டால் வேண்டாம் என்றுவிடுவான்.

இந்த முறை அக்காவுக்காக. மாமா இறந்துபோன பிறகு அவள் பேசுவதெல்லாம் அவர் பவளம் வளர்த்த தொட்டியோடுதான். அதிலும் பாசி படர்ந்துவிட்டது. தொட்டி போனால் அக்காவும் போய்விடுவாள் என்று அவன் உள்ளூர நடுங்கினான். பாசியைத் தின்ன ஒன்பது நத்தை பொறுக்கினான். எட்டு ஆடி அசைந்து எழுந்தன. சுண்ணாம்பு அப்பிய அழுக்கு ஓட்டுக்காரன் ஒருவன் மட்டும், போட்ட கையை எடுப்பதற்குள் புரண்டுவிட்டான். 'இதுவல்லவோ நத்தை' என்று மெச்சிக்கொண்டான்.

மறுவாரம் போனபோது கண்ணாடியில் பாசி அப்படியே இருந்தது. மணலில் எட்டு ஓடுகள், கழுவிக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி, உள்ளே ஒன்றுமில்லாமல் கிடந்தன.

"எப்பக்கா இப்படி ஆச்சு?"

"ஒவ்வொண்ணா போச்சு. இவன் மட்டும் ஜோரா இருக்கான். அழுக்கா இருந்தானேன்னு வந்த அன்னிக்கே பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சுவிட்டேன்."

அக்காவின் கை முழங்கைவரை தண்ணீருக்குள் இருந்தது. உள்ளங்கையில் அது உட்கார்ந்திருந்தது. அழுக்குப் போன ஓட்டில் பொன்னிற வலைப்பின்னல். நுனியிலிருந்து ஒரு குழல் நீண்டு அவள் விரலிடுக்கை நிதானமாகத் தடவியது. கூம்பு நத்தை. மற்ற நத்தைகளை அந்தக் குழலால் கொட்டித் தின்பது. மனிதரைக் கொட்டினால் மாற்று மருந்து கிடையாது. தன் கையாலேயே பொறுக்கிக் கொண்டுவந்திருக்கிறான், படுபாவி.

"அக்கா, அது விஷம். கைய ஆட்டாம மெதுவா மணல்ல விடு."

அவள் திரும்பவில்லை. "தெரியும்டா. தேய்ச்சதுமே மாமா புஸ்தகத்துல பாத்துட்டேன்."

அவன் தொட்டியை ஒட்டி வந்து நின்றான்.

"தினமும் கைய நீட்டுறேன். தடவிப் பாத்துட்டுப் போயிடுது," என்றாள், குறைபட்டுக்கொள்ளும் குரலில்.

அவன் சட்டைக் கையை மடித்தான். தன் கையையும் தண்ணீரில் விட்டு அவள் கையை ஒட்டி விரித்தான்.

"எடுடா." முதல்முறையாக அவள் குரல் நடுங்கியது.

"நீ எடு, நானும் எடுக்கறேன்."

குழல் தடவுவதை நிறுத்தியது. பிறகு மெல்ல அவன் கட்டைவிரல் பக்கம் திரும்பியது.