தலைவர் வீட்டுச் சாவு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் இருந்தவர்கள்: மரண உதவிச் சங்கத் தலைவர் கணேசமூர்த்தியாகிய நான், செயலாளரான என் மருமகள் பிரேமினி, பொருளாளர் சுமன், கொழுந்தெடுக்கும் மீனம்மா, கீழ் லயத்து வரிசை வீட்டு ராசம்மா, சங்கங்களுக்குப் பயிற்சி கொடுக்க நுவரெலியா நிறுவனம் ஒன்று அனுப்பிய ஸஃப்வான். வேறு யாரும் இல்லை.

சங்கத்தைத் தொடங்கியவர் என் தாத்தா மூக்கன். அவருக்குப் பின் அப்பா, பிறகு நான். தோட்டத்தில் யார் கண்ணை மூடினாலும் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் ஆள் வரும். ஆபீசுக்குச் சொல்வது, பெட்டிக்கு ஏற்பாடு, குழி வெட்ட ஆள், வெளியூர்ச் சொந்தங்களுக்குத் தகவல், வாசலில் மழைக்குப் படங்கு கட்டுவது, எல்லாம் நான் சொல்லித்தான் நடக்கும். எங்களுக்கு நிலமோ கடையோ கிடையாது. இந்தப் பெயர்தான் உண்டு.

ஸஃப்வான், கந்தப்பளைக் கடைக்காரர் பைஸரின் மகன். மரியாதை தெரிந்த பையன். சங்கத்தைப் பலப்படுத்துவது பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ஐயா, ஒங்க வீட்டுலயே ஒரு சாவு நடந்தா சங்கத்த யாரு பாப்பாங்க?"

"காலங்காத்தால நல்ல வார்த்தையே வராதா தம்பி?" என்றாள் ராசம்மா.

எனக்கும் சுருக்கென்றது. "நாந்தான் பாப்பேன். எங்கப்பா செத்தப்பவும் நாந்தான் பாத்தேன்."

"அப்ப அப்பாகிட்ட யாரு இருந்தா?"

அவன் குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அப்பா செத்த அன்று நான் பெட்டிக்காக ராகலைக்கு லொறியில் போனேன். திரும்பியபோது அப்பாவைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். மூத்த மகன் ஊற்ற வேண்டிய தண்ணீரைச் சித்தப்பா ஊற்றியிருந்தார். தலைவர் மகன் கடமை தவறவில்லை என்று தோட்டமே மெச்சியது.

என் மகன் கிஷாந்த் கொழும்பில் வேலை செய்கிறான். நான் போய்ச் சேரும் நாளில் அவனும் தலைவர் மகன்தான். எல்லோரும் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவன் எனக்குத் தண்ணீர் ஊற்றுவானா, பெட்டிக்கு ஓடுவானா?

"சரி," என்றேன். "செத்தது நான்னு வச்சுக்கங்க. யாரு என்ன செய்வீங்கன்னு செஞ்சு காட்டுங்க."

"மாமா, அதெல்லாம் வேணாம்," என்றாள் பிரேமினி.

"ஒப்பாரிக்கு நான் ரெடி தலைவரே. பாட்டெல்லாம் எப்பவோ கட்டி வச்சாச்சு," என்றாள் ராசம்மா.

"அவ்வளவு அவசரமா ஒனக்கு?"

பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தேன். சுமன் எடுத்த எடுப்பில் படங்கு எடுக்க ஓடினான். மீனம்மா மறித்தாள்.

"எங்கடா ஓடுற? ஞாயித்துக்கெழம ஆபீஸ் பூட்டிருக்கும். மொதல்ல பெரிய கிளாக்கர் வீட்டுக்குப் போ."

பெட்டிக்கு இரண்டு பேர் போனார்கள். குழிக்கு யாருமில்லை. வட்டகொடையில் இருக்கும் என் தங்கைக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தேன்.

"பொணம் பேசக் கூடாது தலைவரே," என்றாள் மீனம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

"இன்னொருக்கா செய்வோம்," என்று மீனம்மாவே பிரித்துக் கொடுக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள். அவர் இல்லாவிட்டால் இன்னோர் ஆள். கிராம சேவகரிடம் சிங்களத்தில் பேசப் பிரேமினி எழுந்தாள்.

"நீ ஒக்காரு புள்ள. நீ சாவு வீட்டுக்காரி. போயி மாமாகிட்ட இரு," என்றாள் மீனம்மா.

அதுவரை யாரும் அதை நினைக்கவில்லை. தலைவரும் செயலாளரும் ஒரே வீடு. அந்த வீட்டில் சாவு விழுந்தால் சங்கமே படுத்துவிடும். பிரேமினி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குழி எங்க வெட்டுறது?" என்று சுமன் கேட்டான்.

"மாமாவுக்கு அவங்க அப்பா பக்கத்துல," என்றாள் அவள். "சவுக்கு மரத்துக்குக் கீழ."

அந்த ஆசையை நான் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

இரண்டாம் தடவை எதுவும் விட்டுப்போகவில்லை. நான் எழுந்தேன்.

"பொணம் எந்திரிச்சிருச்சு," என்றாள் ராசம்மா.

"தலைவரு இனி வேற வீட்டு ஆளா இருக்கணும். மீனம்மா இருக்கட்டும்," என்றேன்.

"மருமக இருக்கையில வெளியாளா? ஒங்க தாத்தா பேரு என்னாகும்?"

"நான் சாகையில எம்மகன் எனக்குத் தண்ணி ஊத்தணும் ராசம்மா. எங்க வீட்டு மரியாத அதுதான்."

மீனம்மா தயங்கினாள். "ஆம்பளைங்க எம்பேச்சக் கேப்பாங்களா?"

"பொணத்தையே வாய மூட வச்சவ நீ. உசிரோட இருக்கவங்க கேக்க மாட்டாங்களா?"

அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தில் அவள் பெயரை முன்மொழிந்தேன். அங்கத்தவர்கள் என்னைப் பார்த்தபடி சும்மா இருந்தார்கள். நான் கையைத் தூக்கிய பிறகு அவர்களும் தூக்கினார்கள். அன்று வீடு வரை மெதுவாக நடந்தேன். மனம் லேசாக இருந்தது.

கந்தப்பளைக் கடைத்தெருவில் இப்போது ஒரு பேச்சு நடமாடுகிறது. நுவரெலியா நிறுவனம் அனுப்பிய பையன் என்னைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டானாம். அந்த ரோஷத்தில் நான் சங்கத்துப் பக்கமே போவதில்லையாம். பொய். மீனம்மாவின் பெயரைச் சொன்னவன் நான். சுமன் இல்லாத நாளில் படங்கு கட்டுவது என் பொறுப்பு.