வெளித் தாழ்ப்பாள்

விடிகிற நேரத்தில் ஸ்பிரிட் பீப்பாய்களை உருட்டிக்கொண்டிருந்தோம். இரும்பு விளிம்பு உள்ளங்கையை அறுத்தது. தொட்டியில் ஸ்பிரிட்டை ஏற்றி, ஒட்டவிடாத மாவைக் கரைத்து, பிளாஸ்டிக்காக மாறப்போகும், மூக்கைத் துளைக்கும் ஸ்டைரீன் திரவத்தை ஊற்றிச் சூடேற்றினால் எல்லாம் தண்ணீர் மாதிரித் தெளிவாகச் சுழலும். பிறகு ஒரு டம்ளர் தொடக்கத் தூள். அது விழுந்ததும் ஸ்டைரீன் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாய் நீளும். நீண்டது ஸ்பிரிட்டில் கரையாமல் சுருண்டு திரளும். கண்ணாடி வழியே பார்த்தால் லேசாக நீலம் ஓடி, அப்புறம் பாலாக வெளுக்கும். அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள். மாவு போர்த்தியிருப்பதால் ஒன்றையொன்று ஒட்டாமல் வளரும்.

நடுவில் சூடு தவறினால் உருண்டைகள் சின்னதும் பெரிதுமாகிவிடும். அதனால் தூள் விழுந்ததும், யாரும் திறந்து காற்று விடாதபடி, முதலாளி எங்களை உள்ளே வைத்துக் கதவை வெளியே தாழிட்டுவிடுவார். சரக்கு குளிரக் கூடாது, நாங்கள் வேகலாம். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நேற்று குழாய் மூட்டில் ஸ்பிரிட் ஆவி கசிந்து, வடிகட்டும் அக்கா உள்ளேயே மயங்கி விழுந்தார். கதவைக் குத்தினோம், உதைத்தோம், கத்தினோம். சரக்கு இறங்கும்வரை தாழ்ப்பாள் அசையவில்லை. அக்கா இப்போது ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு. அவர் புருஷன், எங்கள் வால்வுக்காரர், இரவெல்லாம் அங்கே உட்கார்ந்துவிட்டு இன்றும் வேலைக்கு வந்திருந்தார். வராவிட்டால் அடுப்பு எரியாது.

தொட்டி சூடேறியது. வால்வுக்காரர் டம்ளரோடு அசையாமல் நின்றார்.

"என்னய்யா வேடிக்கை பாக்குற? போடு" என்றார் வாசலில் நின்ற முதலாளி.

"தாழ்ப்பாளக் கழட்டுங்க மொதலாளி. போடறேன்."

"உன் பொண்டாட்டிய என் வண்டியிலதானேய்யா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்?"

"கதவத் தொறந்திருந்தா வண்டியே வேணாமே."

முதலாளி டம்ளரைப் பிடுங்கி என் கையில் திணித்தார். "நீ போடு. நாளையிலேர்ந்து நீதான் மேஸ்திரி."

எங்களை ஒட்டவிடாமல் வைக்கவும் அவரிடம் ஒரு மாவு இருந்தது. பொய் சொல்வானேன், எனக்கும் நாக்கு ஊறியது. வால்வுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். டம்ளரைப் பக்கத்திலிருந்த பம்புக்காரனிடம் நீட்டினேன். அவன் பீப்பாய்க்காரரிடம் கொடுத்தான். அது கைமாறிக் கைமாறி வால்வுக்காரரிடமே திரும்பி வந்தது.

"சரி, நானே போட்டுக்கறேன்!" என்று கத்தினார் முதலாளி.

"தாராளமா போடுங்க" என்றான் பம்புக்காரன். "வெளுத்தப்புறம் வால்வுகிட்ட நீங்களே நில்லுங்க. தாழ்ப்பாள நாங்க போட்டுக்கறோம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த அறைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

"வேற ஆளே கெடைக்காதுன்னு நெனப்பா? இப்பவே கூட்டிட்டு வரேன் பாரு!"

"வரட்டும்" என்றார் வால்வுக்காரர். "அவங்களுக்கும் இந்தத் தாழ்ப்பாளக் காட்டறோம்."

முதலாளி போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார். யாரை அழைத்து வருவாரோ, நாளைக்கு வேலை இருக்குமோ, ஒன்றும் தெரியாது. நாங்கள் நிலைப்படியிலேயே தோளோடு தோள் நெருங்கி உட்கார்ந்துகொண்டோம். எங்களைத் தாண்டி அந்தக் கதவை இனி யாராலும் சாத்த முடியாது. உள்ளே தொட்டி வெளுக்காமல், தெளிவாகச் சுழன்றுகொண்டிருந்தது.