உதட்டால் காட்டிய திசை

2024 செப்டெம்பர் 14, சனிக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு, மொன்றியல் நகரின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் ஹோட்டல் துணிகளை வெளுக்கும் ஆலையொன்றின் தெருச்சுவர் ஓவியத்தை அதன் முதலாளி திறந்துவைத்தார்.

வரைந்தவர் ரொடெல். மணிலாவில் வேலைநிறுத்தக்காரர்களுக்குப் பதாகை எழுதித் தொடங்கியவர். அங்கே அவருடைய இரண்டு சுவரோவியங்களின் மேல் வெள்ளையடித்தார்கள். இங்கு வந்து இதே ஆலையில் பதினொரு வருடம் படுக்கை விரிப்பு மடித்தார். பிறகு தூரிகையோடு வெளியேறினார்.

அவர் மடித்துக்கொண்டிருந்த காலத்தில், புஷ்பவதி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அவளைப் பார்த்து முத்தமிடுவதுபோல் உதட்டைக் குவித்தார். அவள் நேரே கூட வேலைசெய்யும் நகுலேஸ்வரனிடம் போனாள்.

"அண்ணை, அந்தாள் எனக்குக் கொஞ்சிக் காட்டுது. என்னெண்டு ஒருக்காக் கேளுங்கோ."

நகுலேஸ்வரன் கேட்டுவிட்டுச் சிரித்தபடி வந்தார். பிலிப்பைன்சில் அப்படித்தான் இடம் காட்டுவார்களாம். இரு கைகளிலும் விரிப்பு. வண்டி நிற்கும் பக்கத்தை உதட்டால் காட்டியிருக்கிறார். ஒரு மாதத்தில் ஆலை முழுவதும் உதட்டால் காட்டியது.

இந்த வருடம் பெப்ரவரியில் மூன்றாம் இஸ்திரி உருளை புஷ்பவதியின் வலக்கையில் இரண்டு விரல்களை எடுத்தது. கை சிக்காமல் தடுக்கும் காப்புத் தகட்டைக் கழற்றிவைத்திருந்தார்கள். ஆலையின் அறிக்கை 'கவனக்குறைவு' என்றது.

சுவரில் வரையும் வேலை ரொடெலுக்குக் கிடைத்ததும் அவள் கேட்டது ஒன்றைத்தான்: அந்த உருளையை வரைய வேண்டும். ரொடெலும் மாதிரிப் படத்தில் அதை வரைந்திருந்தார். இயந்திரம் வேண்டாம், முகங்கள் போதும் என்றார் முதலாளி. ரொடெல் மறுபேச்சின்றிச் சம்மதித்தார்.

"வித்துப்போட்டான்," என்றார் நகுலேஸ்வரன். புஷ்பவதி ரொடெலோடு கதைப்பதை நிறுத்தினாள். அவர் சாரக்கட்டில் நின்று சீட்டியடித்தபடி வரைந்தார்.

திறப்பு நாளில் திரை விழுந்தது. கை நிறைய விரிப்புகளோடு ஒன்பது தொழிலாளர்கள். ஒன்பது பேரும் இடப்பக்கம் பார்த்து உதட்டைக் குவித்திருந்தார்கள். எல்லாரும் முத்தம் அனுப்புகிறார்கள் என்று முதலாளி பிரெஞ்சில் சொல்லிக் கைதட்டினார். பிலிப்பினோப் பெண்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

புஷ்பவதி அந்த உதடுகளின் திசையில் பார்த்தாள். சுவரின் இடது முனையில் சரக்குக் கதவு. அதற்கு உள்ளே, கதவை ஒட்டி நிற்பது மூன்றாம் உருளை.

"அக்கா, விளங்குதா?" ஆலையில் பழகிய தமிழில் ரொடெல் கேட்டார்.

"ஓம்." அவள் சுவரிலிருந்த தன் முகத்தையே பார்த்தாள். "என்ர சொண்டு இவ்வளவு பெரிசோ?"

"தெருவால போறவனுக்கும் தெரிய வேணுமெல்லே," என்றார் நகுலேஸ்வரன்.

முதலாளி சரக்குக் கதவின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை மூன்றாம் உருளையில் புதிதாகச் சேர்ந்த வினோஜாவை வேலைக்கு நிறுத்தினார்கள். காப்புத் தகடு பக்கத்தில் சாய்த்து வைத்தபடியே இருந்தது.