நாற்காலிக்கு என் குரல்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம். என் மனைவி எடுத்த ஆவணப்படத்தில் ஒரு மனிதன் சுவரில் நாற்காலி வரைகிறான். அவனை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவனை ஏதாவது செய்தாக வேண்டும். எனக்குத் தெரிந்தது எழுத்து ஒன்றுதான் என்பதால் கதை எழுதுகிறேன்.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வார நாட்களில் ஊசி, வார இறுதியில் திரைப்படப் படிப்பு. நாற்பதைத் தாண்டிய பிறகு சேர்ந்தாள். வகுப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா. பாடம் நடத்துகிறவரே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார், அவர் வயது அப்படி. படிப்பை முடிக்க ஆளுக்கொரு ஆவணப்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் வீட்டுப் பூனையையும் தெருமுனை சலூனையும் எடுத்துக்கொண்டிருந்தபோது, இவள் மட்டும் அடுத்தவர் சுவரில் கேட்காமல் கொள்ளாமல் ஸ்ப்ரே பெயின்டில் படம் வரைந்துவிட்டுப் போகிற ஆட்களைத் தேடிக்கொண்டு போனாள்.

நான் நகைச்சுவை எழுத்தாளன். என் கடைசிப் புத்தகத்தின் அட்டையில் 'வயிறு வலிக்கும், ஜாக்கிரதை' என்று பதிப்பாளர் போட்டிருந்தார். ஒவ்வொரு கட்டுரையையும் அச்சுக்கு அனுப்பும் முன் மனைவிக்குப் படித்துக் காட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். முடிந்ததும், "நல்லா இருக்குங்க" என்பாள். ரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நோயாளிகளிடம் சொல்வாளே, அதே குரல்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

'கொளுத்தும் வெயிலில், கறுப்பு பைக்கில் வந்து இறங்கினான் அந்த அயோக்கிய—'

வேண்டாம். முதல் வரியிலேயே ஒருவனை அயோக்கியன் என்று சொன்னால் வாசகர் அவன் பக்கம் போய்விடுவார். எனக்கு உங்களைத் தெரியும்.

இரண்டாவது முயற்சி:

'அவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். காற்றில் அலையும் முடி, கையில்—'

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மனைவி பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"யாருங்க இது?"

"கற்பனைப் பாத்திரம்."

"நாற்காலியா? அவருக்கு உங்க வயசுதாங்க. தொப்பைகூட இருக்கு."

இளைஞன் என்றால் சமாளித்திருப்பேன். இளமையிடம் தோற்பதில் ஒரு கௌரவம் உண்டு, எல்லாரும் அங்கேதான் தோற்கிறார்கள். இவனுக்கு என் வயது, என் தொப்பை. போதாததற்கு 'அவர்' வேறு.

(நாற்காலி என்பது பட்டப்பெயர். உட்கார இடமில்லாத இடங்களாகப் பார்த்து வரைவான்: பஸ் நிறுத்தம், ஆஸ்பத்திரியின் வெளிச்சுவர், விண்ணப்பத்தோடு ஆட்கள் வரிசையில் நிற்கும் ஆபீஸ் வாசல். நாற்காலி எல்லாம் நிஜ அளவில் இருக்கும். சுவரில் முதுகைச் சாய்த்து முட்டியைக் கொஞ்சம் மடக்கினால் உட்கார்ந்திருப்பது போலவே தெரியும். இதை எழுதும்போதே நல்ல யோசனையாகத் தெரிகிறது, அதுதான் எரிச்சல்.)

3

படத்தில் மூன்று பேர். மூக்கு, குடை, நாற்காலி. அவரவர் வரைவதுதான் அவரவர் பெயர். பிடிபட்டால் வம்பு என்பதால் யாருக்கும் முகம் கிடையாது. கையையும் பிடரியையும் மட்டும் எடுக்கலாம் என்று பேச்சு. இரவில் ஒளிந்து ஒளிந்து வரைவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, பட்டப்பகலில் வரைகிறார்கள். சாலை வேலைக்காரர்களின் ஆரஞ்சு மேலாடையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பையும் வைத்துவிட்டால், ஏன் என்று கேட்க ஆளில்லை. ஒரு பெரியவர் மட்டும் நின்று, சாக்கடையை எப்போது சரிசெய்வீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போகிறார்.

குடை ஒரு பெண். அவர்கள் கூட்டத்தின் சட்டத்தை அவள்தான் சொல்கிறாள்: "ஒருத்தர் வரைஞ்சதுக்கு மேல இன்னொருத்தர் வரையலாம். ஆனா அதைவிட நல்லா வரையணும். முடியாதுன்னா கையையே வெக்கக்கூடாது." இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்குத் தேவைப்படும்.

மற்றபடி படம் முழுக்க நாற்காலியின் கைதான். கை டப்பாவைக் குலுக்குகிறது, உள்ளே பெயின்டைக் கலக்குகிற சின்னக் குண்டு டக் டக்கென்று அடிக்கிறது. கை மூடியைக் கழற்றி வேறு முனை மாட்டுகிறது, மேலாடையில் துடைத்துக்கொள்கிறது. கேமரா அதை விட்டு நகர மனசில்லாமல் நிற்கிறது. எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் புரட்டினேன். என் கை பாதிப் படங்களில் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது.

4

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்புதான் என்னை—

(இந்த வாக்கியத்தைத் தொடங்கித் தொடங்கி விட்டுவிட்டேன். நடந்ததை நேராகச் சொல்வதே மேல்.)

மனைவியின் குரல் கேட்கிறது: "போலீஸ் வந்தா என்ன பண்ணுவீங்க?"

டப்பா குலுங்குகிறது. டக், டக். நிற்கிறது.

"உக்காருங்க சார்னு சொல்லுவேன்."

அவள் சிரிக்கிறாள். முதலில் மூக்கில் ஒரு சின்ன உறுமல். அதை அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை, கேமராவே ஆடுகிறது. கல்யாணமான புதிதில் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறேன். என்ன சொல்லி வரவழைத்தேன் என்றுதான் ஞாபகமில்லை. அதற்கப்புறம் பக்கம் பக்கமாக எழுதிப் படித்துக் காட்டியும் வராதது, எவனோ ஒருவனின் ஒரு வரிக்கு வந்துவிட்டது. அதுவும் சுமாரான வரி. எனக்கு வயிறு எரிந்தது. பதிப்பாளர் எச்சரித்தது இதைத்தான் போலிருக்கிறது.

"அந்தச் சிரிப்பை வெட்டிடலாமே?" என்றேன், கலைமீது உள்ள அக்கறையால்.

"எங்க வகுப்பு சார் அதுதான் படத்துலயே பெஸ்ட்னு சொல்லிட்டாரு."

5

ஆகவே கதையில் அவனைத் தீர்த்துக்கட்ட முடிவெடுத்தேன்.

முடிவு ஒன்று: 'ஏணியின் உச்சிப்படியில் நின்றிருந்த நாற்காலியின் கால் மெல்ல வழுக்க—'

"ஏணியா?" என்றாள் மனைவி. (இவள் எப்போது வந்து நிற்கிறாள் என்றே தெரிவதில்லை. ஊசி போடுகிறவர்களுக்கு அந்த நடை தானாக வந்துவிடும் போல.) "நாற்காலி என்ன அவ்வளவு உயரத்துலயா இருக்கும்? அவரு தரையில குந்திதாங்க வரையறாரு. விழறதுக்கு இடமே இல்ல."

முடிவு இரண்டு: 'நாற்காலி மனம் திருந்தி, மரச்சாமான் கடை ஒன்றைத் தொடங்கி—'

இது எனக்கே பிடிக்கவில்லை. கடை நன்றாக ஓடும் என்று தோன்றியது.

"அவரை விடுங்க," என்றாள். "எனக்கு ஒரு உதவி வேணும்."

6

முகத்தை மறைத்ததுபோல் குரலையும் மறைத்துவிடச் சொல்லி நாற்காலி கடைசி நேரத்தில் கேட்டுக்கொண்டானாம். குரலை வைத்தே அவன் ஆபீஸில் கண்டுபிடித்துவிடுவார்களாம். (ஆபீஸ்! நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறவன் நாற்காலி வரைகிறான்!) கம்ப்யூட்டரில் குரலை மாற்றினால் பேய் பேசுவதுபோல் இருக்கிறது. அதனால் அவன் சொன்னதை இன்னொருவர் பேசி, அவன் குரல் இருந்த இடத்தில் வைக்க வேண்டும்.

"வகுப்புல பசங்க யாரும் இல்லையா?"

"எல்லாம் பிஞ்சுக் குரலுங்க. எனக்குத் தொப்பையோட பேசற குரல் வேணும்." கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்குக் குடுத்தாகணும். நீங்க சொதப்பினா என் படம் அவ்வளவுதான்" என்றாள்.

வாசகரே, என் நிலைமையைப் பாருங்கள். மோசமாகப் பேசினால் அவள் படம் கெட்டுப்போகும். நன்றாகப் பேசினால் அவன் பேச்சுக்கு நானே மெருகு ஏற்றியவன் ஆவேன். ஆனால் இன்னொன்றையும் கணக்குப் போட்டேன். அவளுக்குத் தனி மைக் என்பதால் அவள் கேள்வியும் சிரிப்பும் அப்படியே இருக்கும், நடுவில் உள்ள குரல் மட்டும் மாறும். படம் ஓடுகிற இடமெல்லாம் நான் சொல்வேன், அவள் சிரிப்பாள். திருட்டுச் சந்தோஷம்தான். சரி என்றேன்.

7

துணி அலமாரிதான் ஒலிப்பதிவுக் கூடம். துணிகள் எதிரொலியை விழுங்கிவிடுமாம். அவள் உடுப்புகளுக்கும் என் சட்டைகளுக்கும் நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு குந்தினேன். காதில் ஹெட்போன், அதில் அசல் ஓடும், அதையொட்டி நான் பேச வேண்டும். அவள் கதவைச் சாத்திவிட்டு, காலி ஸ்ப்ரே டப்பாவோடு வெளியே நின்றாள். குலுக்கும் சத்தமும் புதிதாகத் தேவைப்பட்டது.

முதல் தடவை இப்படிச் சொன்னேன்: "உக்காருங்க சார்னு சொல்லுவேன். ஆனா பெயின்ட் காயட்டும்னும் சொல்லுவேன்."

கதவு திறந்தது. "இது என்ன வாலு?"

"கொஞ்சம் தூக்கலா இருக்கும்னு..."

"அவரு நிறுத்தின இடத்துல நிறுத்துங்க." கதவைச் சாத்தினாள்.

இது என் தொழில் வியாதி. ஒரு சிரிப்பு வந்து சேர்வதற்குள் அடுத்ததை வைத்துவிடுவேன். அசலை மறுபடி கேட்டேன். டப்பாவைக் குலுக்கி நிறுத்திவிட்டு அவன் ஒரு மூச்சு விடுகிறான். அந்த மூச்சுக்குள் போலீஸ்காரர் வந்து எதிரில் நிற்கிறார், அவருக்கும் கால் வலிக்கிறது. இவன் நக்கலடிக்கவில்லை, நிஜமாகவே உட்காரச் சொல்கிறான். அதனால்தான் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கிறது. சுமாரான வரி என்று மேலே சொன்னேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள். என்னால் முடியவில்லை.

குடையின் சட்டம் ஞாபகம் வந்தது. கையை வைத்தாயிற்று, இனி அதைவிட நன்றாக வந்தாக வேண்டும். குந்திக் குந்தி என் முட்டி உண்மையிலேயே வலித்தது. மூச்சு விட்டேன். சொன்னேன். நன்றாக வந்தது.

ஹெட்போனில் அவள் சிரித்தாள். பழைய சிரிப்பு, அவனுக்குச் சிரித்தது.

கதவுக்கு வெளியே சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. இரண்டு காதும் அடைத்திருந்தது. திறந்து பார்த்தபோது டப்பா கட்டிலுக்கு அடியில் உருண்டிருந்தது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அலமாரித் தூசி அவளுக்கு ஆகாது.

"நல்லா இருக்குங்க," என்றாள். அதே ரத்தப் பரிசோதனைக் குரல். இல்லை, அதற்குப் பக்கத்துக் குரல். எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

8

மூன்றாவது முடிவை நான் எழுதப்போவதில்லை. அவள் படத்தைக் கொடுக்கப் போயிருக்கிறாள். அலமாரியில் பதிவு செய்தது லேப்டாப்பில் இருக்கிறது. அதில் என் மைக்கில் விழுந்தது மட்டும்தான் இருக்கும். பழைய சிரிப்பு ஹெட்போனோடு நின்றுவிட்டது. ஆகவே என் வரிக்குப் பிறகு கதவுக்கு வெளியிலிருந்து மெல்லிசாக ஏதாவது கேட்டால், அது புதிது, எனக்கு வந்தது. நான் இன்னும் போட்டுக் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது.

நீங்கள் கேளுங்கள். நான் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சிரிப்பு இருந்தால் வந்து சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம், எனக்குக் கேட்கிற மாதிரி நீங்களே கொஞ்சம் சிரித்துவிடுங்கள். முதலில் மூக்கில் தொடங்க வேண்டும்.