மோட்டாரை ஏற்றினார்கள்

தனபாலுக்கு ஒரு வாரமாக இடது காதுக்குள் வலி. குச்சியை விட்டு யாரோ நிதானமாகத் திருகுகிற மாதிரி இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கிணற்றில் முங்கி எழுந்தபோது பிடித்தது, அப்புறம் விடவேயில்லை. வாரம் பூராவும் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் பனியன் கம்பெனி கட்டிங் டேபிளில் நின்று துணி வெட்டினான். மெஷின் இரைச்சல்கூட அந்தக் காதில் பக்கத்து ஊர்ச் சத்தமாகத்தான் விழுந்தது. குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றியது. டாக்டரிடம் போனால் இனி முங்கக் கூடாது என்பார். அதனால் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் முங்குவதுதான் அவனுக்கு வேலை. தோட்டத்துக் கிணறுகளில் கயிறு அறுந்து விழுந்து கிடக்கும் மோட்டார்களைத் தண்ணீருக்கடியில் போய்த் தேடிக் கட்டிக் கொடுப்பான். கூட்டாளி சிவராஜ். கட்டிங் டேபிளில் எதிர்ப்பக்கம் நிற்கிறவன், தனபாலின் மனைவி மைதிலிக்கு அண்ணன். ஒருவன் முங்கினால் மற்றவன் மேலே நின்று கயிற்றையும் காற்றுக் குழாயையும் பார்த்துக்கொள்வான். காற்று, பஞ்சர் கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரிக் கம்ப்ரசரிலிருந்து வரும். குழாயின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். மூச்சில் டீசல் வாசம் அடிக்கும்.

அன்றைக்குப் பொங்கலூர்ப் பக்கம் சென்னியப்பன் என்பவருடைய தோட்டத்தில் வேலை. போகிற வழியில் பைக்கை நிறுத்தி டீக்கடையில் உட்கார்ந்தார்கள். முந்தின நாள் கம்பெனி ரூமில் சிடி போட்டு எல்லோரும் சுறாப் படம் ஒன்று பார்த்திருந்தார்கள். வெளிநாட்டுப் படம், தமிழில் பேச வைத்தது. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்கப் போன நாலு பேர் மேலே வந்து பார்த்தால் ஏற்றி வந்த போட்டைக் காணோம். அதற்கப்புறம் சுறா வருகிறது.

"சுறாவக்கூட ஒத்துக்கலாம் மச்சான்," என்றான் தனபால். "போட்டுக்காரன் போனதத்தான் ஒத்துக்க முடியல. நாலு பேரு உள்ள போனானுக, நாலு பேரு மேல வரோணுமில்ல. அது எப்புடி மறக்கும்?"

"அவனுக்கு என்ன சோலியோ."

"என்ன பெரிய சோலி. நம்ம கம்பெனி வேன்ல ஒரு புள்ள ஏறலீன்னாக்கூட டிரைவர் ஹாரன் அடிச்சே தெருவை எழுப்பறான்."

"புள்ளைங்கறதுனால அடிக்கறான். நீ ஏறலீன்னா அடிப்பானா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவரும் சிரித்துவிட்டார். தனபால் விடவில்லை.

"அவனுகளுக்கு முதுகுலயே காத்து இருக்குது. போட்டுக்காரன் போனாலும் மூச்சு வுடலாம். நமக்கு அப்புடியா? மேல இருக்கறவன் கம்ப்ரசர அமத்துனா முடிஞ்சுது."

"அப்ப என்னைய மரியாதையா வெச்சுக்க மாப்ள. போட்டுக்காரன் நானா இருந்தா மைதிலிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் திரும்பி வருவேன்."

"அவ வேண்டாம்னு சொல்லிப்போட்டா?"

"சுறாவுக்கு நல்ல நாளு."

சிவராஜ் மூக்கைச் சிந்திவிட்டு வண்டியை எடுத்தான். அவனுக்கு நல்ல சளி. சளியோடு முங்கினால் காது கிழிந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும். ஏற்கனவே கெட்டுப்போன காதுக்கு இனி என்ன வரப்போகிறது என்று தனபாலே இறங்குவதாக முடிவாகியிருந்தது.

கிணறு பழையது, பாறையைக் குடைந்து வெட்டியது. பாதி ஆழம் வரைக்கும் படி இருந்தது. அதற்குக் கீழே படிக்கட்டு இடிந்து தண்ணீருக்குள் போய்விட்டது. கயிற்றில் இறக்கினால்தான் இறங்க முடியும், ஏற்றினால்தான் ஏற முடியும். மோட்டாரைத் தூக்க, கிரேன் வாடகைக்கு விடுகிற ஆத்தப்பன் தன் டெம்போவில் மூன்று கால் கிரேனையும் கம்ப்ரசரையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். பக்கத்துக் காட்டில் தறிக் குடோன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வாரத்தில் பாதி நாள் கரண்ட் ஒழுங்காக வராததால் ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டினார்கள். அந்தச் சத்தத்தில் கிணற்று மேட்டில் நின்று பேசுவதற்கே கத்த வேண்டியிருந்தது.

சென்னியப்பன் பரபரப்பாக நின்றார். "சாமி, சீக்கரம் ஆகட்டும். மோட்டாருக்குக் காயில் கட்டற கடைக்காரன் இன்னிக்கு மத்தியானத்தோட சாத்திருவான். இன்னிக்குக் குடுக்கலீன்னா வெங்காயம் பூராக் காஞ்சு போயிருங் கண்ணு."

"அரை மணி நேரத்துல மேல வந்துருமுங்க," என்றான் சிவராஜ். மோட்டாரைத்தான் சொன்னான்.

தனபால் இறங்கினான். தண்ணீர் பச்சையாக ஆரம்பித்துக் கறுப்பாகப் போனது. பாதி ஆழத்திலேயே காதுக்குள் குச்சி முழுசாக இறங்கிவிட்டது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. வாயிலிருந்து போகும் குமிழிகள் எந்தப் பக்கம் போகின்றனவோ அதுதான் மேல் என்று எதிர்ப்பக்கம் கையை நீட்டிப் போனான். சேற்றில் மோட்டார் தட்டுப்பட்டது. அதன் கழுத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு இழுத்துக் காட்டினான். மேலே கிரேன் இழுக்க ஆரம்பித்தது.

அவன் தண்ணீருக்கு மேலே வந்தபோது கிணறு முழுவதும் சுற்றியது. குழாயைத் துப்பிவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே போனான். ஓர் ஓரத்தில் பாறை உள்வாங்கி ஒரு ஆள் படுக்கிற அளவுக்குத் திட்டு இருந்தது. அதில் ஏறிக் குப்புறப் படுத்து, குடித்த டீயையெல்லாம் வாந்தி எடுத்தான். மோட்டார் சொட்டச் சொட்ட மேலே போவதை ஒரு கண்ணால் பார்த்தான். காற்றுக் குழாயும் நெளிந்துகொண்டு பின்னாலேயே போனது. இனிக் கயிறு வரும். கண்ணை மூடிக்கொண்டான்.

எவ்வளவு நேரம் மூடியிருந்தான் என்று தெரியவில்லை. திறந்தபோது கயிறு வந்திருக்கவில்லை. திட்டைவிட்டு நீந்தி நடுவில் வந்து அண்ணாந்து பார்த்தான். கிரேனின் மூன்று கால்களும் இல்லை. வானம் மட்டும் வட்டமாக இருந்தது.

"மச்சான்," என்றான். அவன் குரல் சுவரில் பட்டு அவனிடமே வந்தது. மேலே தறி டடக்டடக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. டீக்கடையில் பேசினதை வைத்து விளையாடுகிறான். கிணற்று ஓரத்தில் படுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பான், கொஞ்சம் பொறுத்துத் தலையை நீட்டுவான். தனபால் இரண்டு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டுக் காத்திருந்தான். தலை எதுவும் நீளவில்லை. விளையாட்டுக்காக யாராவது கிரேனைக் கழற்றுவார்களா என்று பிறகுதான் தோன்றியது. கழற்றி, டெம்போவில் ஏற்றி, கம்ப்ரசரையும் தூக்கி வைத்து, இவ்வளவும் விளையாட்டுக்கா?

அப்படியென்றால் மறந்துவிட்டார்களா. மூன்று பேரும் சேர்ந்தா மறப்பார்கள்? ஒருவேளை, தான் மேலே ஏறித்தான் மறுபடியும் விழுந்துவிட்டோமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தான். தலை இருந்த இருப்பில் அதுவும் நடந்திருக்கக்கூடும் என்று பட்டது. இடுப்பைத் தொட்டுப் பார்த்தான். கட்டிய கயிற்றின் தடம் எதுவும் புதிதாக இல்லை. சிவராஜுக்கு என் மேல் என்ன கோபம்? போன தீபாவளிக்கு மைதிலியை ஒரு அறை அறைந்தது அவனுக்குத் தெரியுமா? மைதிலி சொல்லியிருப்பாளா? சொல்லியிருந்தால் இத்தனை நாள் ஒரே டேபிளில் நின்று துணி விரித்துக்கொண்டிருப்பானா? ஒன்றோடொன்று சேரவில்லை.

திட்டில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தவன் சட்டென்று இழுத்துக்கொண்டான். ஏதோ விரலைக் கடித்தது. குனிந்து பார்த்தான். ஜிலேபி மீன் குஞ்சுகள். தன்னையே காறித் துப்பலாம் போலிருந்தது. ஆனாலும் காலை மறுபடி தண்ணீரில் விடவில்லை.

கத்திப் பார்த்தான். தறிச் சத்தம் அதைத் தின்றுவிட்டது. மறுபடி கத்தினான், காது உள்ளே வெடித்துவிடும் போல வலித்தது. சுவரைப் பிடித்து ஏறப் பார்த்தான். பாசி வழுக்கித் தண்ணீரில் விழுந்தான். சுவரின் ஒரு பக்கத்தில் இருந்த வெயில் மெல்ல நகர்ந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. குளிரில் தாடை ஆடியது. படத்தில் கடலுக்குள் நின்ற ஆட்கள் என்ன செய்தார்கள் என்று யோசித்தான். ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். அதற்கும் இங்கே ஆள் இல்லை.

அப்போது தறி நின்றது. கரண்ட் போய்விட்டது. அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு காதுக்குள் பஞ்சு வைத்த மாதிரி ஆகிவிட்டது. எங்கோ ஆடு கத்துவதும் ஒரு பொம்பளை யாரையோ தண்ணீர் கேட்பதும் கேட்டது. தனபால் இருக்கிற தெம்பையெல்லாம் கூட்டிக் கத்தினான்.

கொஞ்ச நேரம் கழித்து வட்டத்தின் ஓரத்தில் ஒரு தலை தெரிந்தது. தலையெல்லாம் பஞ்சுத் தூசு. குடோனில் தறி ஓட்டுகிறவள், பெயர் மருதாள்.

"யாரது?"

"நாந்தானுங்க்கா, தனபாலு. கயிறு போடுங்க்கா."

"ஏஞ் சாமி, குதிச்சுட்டயா? ஊட்ல சண்டையா?"

"குதிக்கலீங்க்கா. வேலைக்கு வந்தேன்."

"கெணத்துக்குள்ள என்ன வேலை?"

"மோட்டார் எடுக்கறக்குங்க."

"மோட்டாரு எங்க?"

"எடுத்துட்டுப் போய்ட்டாங்க்கா."

மருதாள் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். பிறகு, "உன்னைய?" என்றாள்.

"தெரீலீங்க்கா," என்றான்.

"குடிச்சிருக்கறயா கண்ணு?"

"சத்தியமா இல்லீங்க்கா."

அவள் போய்த் தறி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நூல் சுற்றிய பாவு பீம்களைத் தூக்க வைத்திருந்த கயிற்றை இறக்கினார்கள். தனபால் அதைக் கக்கத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டான். நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தார்கள். முழங்காலிலும் முதுகிலும் பாறை தேய்த்தது. மேலே வந்தபோது அவன் உடம்பில் ஜட்டி மட்டும்தான் இருந்தது. சட்டை, பேண்ட், செருப்பு எதையும் கிணற்று மேட்டில் காணோம். மருதாள் குடோனுக்குள் போய் ஒரு பழைய கைலி எடுத்துவந்து நீட்டினாள். "மொதல்ல கட்டு சாமி," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குடோன் சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது சிவராஜின் பைக் வந்தது. வேகமாக வந்ததா, மெதுவாக வந்ததா என்று தனபாலால் சொல்ல முடியவில்லை. காதில் எதுவும் சரியாக விழவில்லை. இறங்கும்போது சிவராஜின் முகம் வெளுத்திருந்தது. அது மட்டும் தெரிந்தது.

"மாப்ள. ஏறிட்டயா. சாமி, ஏறிட்டயா."

"நீ எங்க போன?"

"மோட்டார் தலை தெரிஞ்சவொடனே கடைக்காரனப் புடிச்சு நிறுத்தறக்கு ஓடுனேன். உன்னைய ஏத்தச் சொல்லி ஆத்தப்பங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன்."

"சொன்னயா?"

"சொன்னேன். இரு, அவனையே கேக்கலாம்."

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். ஆத்தப்பனின் குரல் இரைச்சலோடு வந்தது. "நீ எங்க சொன்ன? நீ வண்டியத் திருப்புனதத்தான் பாத்தேன். நான் கெணத்துல எட்டிப் பாத்தேன், தண்ணில ஆளில்ல. ஏறிட்டாப்லன்னுதான் கிரேனக் கழட்டுனேன்."

போனில் அவன் பக்கத்திலிருந்து சென்னியப்பனின் குரல் கேட்டது. "நானு ரெண்டு பேரும் ஒரே வண்டில போயிட்டீங்கன்னு நெனச்சேன் சாமி. துணிமணியெல்லாம் டெம்போவுலதான் இருக்குது. யாரு எடுத்து வெச்சதுன்னு தெரீல."

"நான் வெக்கல," என்றான் ஆத்தப்பன்.

"நானும் வெக்கல," என்றான் சிவராஜ். போனை அணைத்தான்.

மருதாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஆளாளுக்கு ஒண்ணு சொல்றீங்க. மோட்டார மட்டும் எல்லாருஞ் சேந்து ஞாபகமா ஏத்திப்போட்டீங்க," என்று சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

சிவராஜ் பைக்கில் தொங்கிய பையை எடுத்து நீட்டினான். வாழை இலைப் பொட்டலம், பிரியாணி. இன்னும் சூடு இருந்தது. தனபால் பையைத் தடவிப் பார்த்தான்.

"ஒண்ணுதான் இருக்குது."

"நான் சாப்ட்டுட்டேன்."

தனபால் பொட்டலத்தைப் பிரித்தான். பசி குடலைப் பிடுங்கியது. இரண்டு வாய் தின்றான். மூன்றாவது வாய் கையிலேயே நின்றது.

"மச்சான், நான் கெணத்துக்குள்ள இருக்கறது உனக்குச் சாப்புடறக்கு முன்னாடி தெரிஞ்சுதா, சாப்ட்ட பொறகு தெரிஞ்சுதா?"

சிவராஜ் மூக்கைத் துடைத்தான். "தின்னு மொதல்ல. குளுருல கெடந்திருக்கற."

"முன்னாடியா, பொறகா?"

"டெம்போ வந்துச்சு. நீ வல்ல. இங்க தோட்டத்து ஊட்ல சோறு போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். அப்பறம்..." சிவராஜ் நிறுத்திவிட்டான். கிணற்றுப் பக்கம் பார்த்தான். அதற்குள் கரண்ட் வந்து தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. அவன் வாய் அசைந்தது. அது பதிலா, வேறு ஏதாவதா என்று தனபாலுக்குத் தெரியவில்லை. வாயைப் படித்துச் சொல்கிற வித்தை அவனுக்கு வராது.

"கேக்கல," என்று கத்தினான்.

சிவராஜ் பைக்கை உதைத்து, ஏறு என்று கையைக் காட்டினான். வேறு வண்டி இல்லை. தனபால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினான். வேகத்தடைகளில் தலை சுற்றியபோது பிடித்துக்கொள்ள சிவராஜின் தோள்தான் இருந்தது. பிடித்துக்கொண்டான்.

நடந்ததை மைதிலியிடம் இருவருமே சொல்லவில்லை. அடுத்த நாள் கட்டிங் டேபிளின் இரண்டு பக்கமும் நின்று துணி விரித்தார்கள். நடுவில் ஒருமுறை சிவராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்து, சூப்பர்வைசர் வந்ததும் கத்தியைத் தீட்டப் போய்விட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தோட்டத்திலிருந்து ஆள் கேட்டு வந்தார்கள். தனபால் காதைக் காட்டி முடியாது என்றான். காதுக்காகத்தான் அப்படிச் சொன்னானா என்று அவனுக்கே நிச்சயமில்லை.

மருதாளுக்கு ஒரு புதுக் கைலி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தான். அந்தக் கணக்கு தீர்ந்தது. சாப்பிடுவதற்கு முன்னாலா, பின்னாலா என்கிற அந்த ஒரு பதிலைத்தான் சிவராஜ் இன்னும் அவனுக்குக் கடன் வைத்திருக்கிறான்.